மேரிகோல்ட் ஹோட்டல்: முதல் படத்தில் இருந்த அவசியம் இரண்டாவதில் எங்கே போனது?

'தி பெஸ்ட் எக்ஸாடிக் மேரிகோல்ட் ஹோட்டல்' பிடித்தவர்கள் அதன் இரண்டாம் பாகத்தைப் பற்றிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: முதல் படம் அளவுக்கு இருக்கிறதா? நேராகவே சொல்லிவிடுகிறேன், இல்லை. ஆனால் அதோடு முடித்துவிட மனசு வரவில்லை. அதே இயக்குநர், அதே திரைக்கதை ஆசிரியர், அதே இசையமைப்பாளர், முதல் கதையில் உயிரோடு மிஞ்சிய பாத்திரங்களுக்கு அதே நடிகர்கள், அதே கட்டடம். இவ்வளவும் கையில் இருந்தும் ஒரு படம் வருடக்கணக்கில் மனதில் தங்குகிறது, இன்னொன்று பார்த்த மறுவாரமே கலைந்துபோகிறது என்றால் காரணம் நடிப்பிலோ படப்பிடிப்பிலோ இல்லை, கதையின் அடித்தளத்தில்தான் இருக்கிறது. அதே சமயம், இரண்டாம் பாகத்தில் ஒரே ஒரு பாத்திரம் முதல் படத்தையே தாண்டிப் போகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்தப் படத்துக்கு அநியாயம் செய்தது போல ஆகிவிடும்.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. முதல் படம் 2012 பிப்ரவரியில் பிரிட்டனில் வெளியானது. ஜான் மேடன் இயக்கம், ஓல் பார்க்கர் திரைக்கதை. டெபோரா மோகாக் 2004இல் எழுதிய நாவல்தான் மூலம். நாவலில் ஹோட்டல் இருப்பது பெங்களூரில், படத்தில் அதை ஜெய்ப்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரையில் நாம் பார்க்கும் அந்தப் பழைய கட்டடம் உண்மையில் ஜெய்ப்பூரிலும் இல்லை, உதய்பூருக்குப் பக்கத்தில் கேம்பூர் என்ற கிராமத்தில் இருக்கும் ராவ்லா கேம்பூர் அது. ஒரு காலத்தில் அந்தப் பகுதித் தலைவரின் மாளிகையாக இருந்து பிறகு விடுதியானது. பிரிட்டனிலிருந்து ஏழு பெரியவர்கள், 'முதியோருக்கான ஆடம்பர இல்லம்' என்ற விளம்பரத்தை நம்பி அங்கே வந்து சேர்கிறார்கள். வந்து பார்த்தால் ஒரு அறைக்குக் கதவே கிடையாது, போன் வேலை செய்யாது, குழாய் ஒழுகுகிறது. நடத்துகிறவன் சன்னி என்ற இளைஞன், தேவ் படேல் நடித்திருப்பது. வாய் நிறைய கனவு, கையில் காசு இல்லை. சுமார் 1 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுக்க 13 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. கோல்டன் குளோபில் நகைச்சுவைப் பிரிவில் சிறந்த படத்துக்கும், ஜூடி டெஞ்சுக்கு நடிப்புக்கும் பரிந்துரை கிடைத்தது. வயதானவர்களை நம்பி எடுத்த படத்துக்கு இது சாதாரண வெற்றி இல்லை, அதனால் இரண்டாம் பாகம் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, முதல் படம் எதன் மேல் நிற்கிறது? அந்த ஏழு பேரும் ஊர் சுற்றிப் பார்க்க இந்தியா வரவில்லை. அவர்களுக்கு வேறு வழி இல்லை. படத்தின் முதல் கால்மணி நேரம் முழுக்க இதைத்தான் காட்டுகிறது, அதுவும் அவசரமே படாமல். ஜூடி டெஞ்ச் நடித்த எவ்லின் சமீபத்தில் கணவரை இழந்தவர், அவர் போன பிறகுதான் தலைக்கு மேல் கடன் இருந்தது தெரிகிறது, வீட்டை விற்றாக வேண்டும். பில் நை, பெனிலோப்பி வில்டன் நடித்த டக்ளஸ், ஜீன் தம்பதி காலமெல்லாம் அரசு வேலையில் சேர்த்த பணத்தை மகளுடைய இணையத் தொழிலில் போட்டு முடக்கிவிட்டார்கள். மிச்சம் இருக்கும் பணத்துக்கு அவர்களுக்குக் கிடைப்பது முதியோருக்கென்றே கட்டிய ஒரு சின்ன வீடு. அதைக் காட்ட வருகிறவர் சுவரில் பொருத்திய கைப்பிடியையும், தடுக்கி விழுந்தால் அழுத்த வேண்டிய அவசர பொத்தானையும் பெருமையாகக் காட்டுகிறார். அந்த நேரத்தில் இருவர் முகத்தையும் பாருங்கள். இனி வாழ்க்கை என்பது விழுவதற்காகக் காத்திருப்பதுதானா என்ற கேள்வி ஒரு வசனமும் இல்லாமல் அங்கே வந்து உட்கார்ந்துவிடும்.

மேகி ஸ்மித் நடித்த மியூரியலுக்கு இடுப்பு மூட்டு மாற்ற வேண்டும். அரசு மருத்துவமனையில் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள். இந்த வயதில் அவ்வளவு தூரம் திட்டம் போடுவதில்லை, பச்சையாக இருக்கும் வாழைப்பழத்தைக்கூட வாங்குவதில்லை என்கிறார் அவர். படம் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு இன்னும் ஞாபகம் இருக்கும் வசனம் இது. அறுவை சீக்கிரமாகவும் மலிவாகவும் நடக்கும் என்று அவரை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். சென்னை கிரீம்ஸ் ரோட்டில் வெளிநாட்டு நோயாளிகளும் அவர்கள் குடும்பங்களும் லாட்ஜ் பிடித்துத் தங்கியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

இதற்குப் பின்னால் இருக்கும் நிஜத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் படத்தின் பலம் எங்கே இருக்கிறது என்று புரியும். பிரிட்டனில் வைத்தியம் இலவசம், ஆனால் முதுமைப் பராமரிப்பு இலவசம் இல்லை. இங்கிலாந்தில் ஒருவருடைய சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் பராமரிப்பு இல்லத்தின் செலவை அவரேதான் முழுக்கக் கட்ட வேண்டும். நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டால், துணையோ நெருங்கிய உறவோ வீட்டில் இல்லாதபோது சொந்த வீடும் அந்தக் கணக்கில் சேரும். அந்த வரம்பு 2010 முதல் பல வருடங்களாக உயரவே இல்லை. அதனால்தான் அந்த ஊரில் நடுத்தர வர்க்கப் பெரியவர்களுக்கு, ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்தது கடைசி சில வருடங்களில் கரைந்துபோகும் என்ற பயம் இருக்கிறது. 2008 பொருளாதாரச் சரிவு வேறு சேமிப்பை எல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வேலைகளை எல்லாம் இந்தியாவுக்கு அனுப்புகிறோமே, வயதானவர்களையும் ஏன் அனுப்பக் கூடாது என்ற கதைக்கரு அப்படிப்பட்ட நேரத்தில்தான் திரைக்கு வந்தது. படத்தில் சன்னி இதையே தன் தொழில் திட்டமாகப் பேசுகிறான், வயதானவர்களைப் பிடிக்காத நாடுகள் இன்னும் நிறைய இருக்கின்றன, அவர்களையும் அழைத்து வரலாம் என்று. சிரிக்க வைக்கும், உடனே சுருக்கென்று குத்தவும் செய்யும்.

முதல் படம் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட எனக்கு ஒரு இழை போதும். எவ்லின் லண்டனில் இருக்கும்போது இன்டர்நெட் இணைப்பு சம்பந்தமாக ஒரு கால் சென்டருக்குப் பேசுகிறார். மறுமுனையில் இருக்கும் பெண் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு பேச வேண்டும் என்கிறாள். அவர் என் கணவர், இறந்துவிட்டார் என்கிறார் எவ்லின். அந்தப் பெண்ணிடம் இருக்கும் தாளில் அதற்குப் பதில் எழுதியில்லை, அதனால் அவள் எழுதியதையே திரும்பச் சொல்கிறாள். அவ்வளவுதான் காட்சி, ஒன்றிரண்டு நிமிடம்கூட இருக்காது. பிறகு ஜெய்ப்பூரில், கணவர் இருந்தவரை எதையும் தானாகச் செய்தே பழக்கமில்லாத இந்த அம்மா வேலை தேடிப் போய் நிற்கிற இடம் ஒரு கால் சென்டர். அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு, போனில் பிரிட்டிஷ் பெரியவர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருகிறார். தாளை மூடி வைத்துவிட்டு, எதிரில் ஒருத்தர் துக்கத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் முதலில் அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நடித்துக் காட்டுகிறார். லண்டனில் தனக்குக் கிடைக்காத ஆறுதல் வார்த்தையை இங்கே வேலை பார்க்கும் சன்னியின் காதலி சுனைனாவின் வாயிலிருந்து வரவழைக்கிறார். பணத் தேவை, தனிமை, துக்கம், புது வேலை, இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஓடும் அந்த போன் லைன், எல்லாமே ஒரே காட்சியில் முடிச்சாகிவிடுகிறது. இரண்டாம் பாகம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு முடிச்சு எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்தது கிரஹாம். டாம் வில்கின்சன் நடித்த இந்த ஓய்வுபெற்ற நீதிபதி இளம் வயதில் ஜெய்ப்பூரில் வளர்ந்தவர். அப்போது மனோஜ் என்ற பையனை நேசித்தார், விஷயம் வெளியே தெரிந்தது, மனோஜின் குடும்பம் அவமானப்பட்டு வெளியேற்றப்பட்டது, இவர் வாயைத் திறக்காமல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அந்தக் குற்ற உணர்வை வாழ்நாள் முழுக்கச் சுமந்துவிட்டு, தன் இதயம் அதிக நாள் தாங்காது என்று தெரிந்த பிறகு அவனைத் தேடி வருகிறார். மனோஜ் உயிரோடு இருக்கிறார், கல்யாணம் ஆகியிருக்கிறது, மனைவிக்கு எல்லாம் தெரியும், அவருக்குக் கோபமும் இல்லை. இருவரும் பார்த்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் இடத்தை மேடன் தள்ளி நின்று, தூரத்திலிருந்தே காட்டுகிறார். அப்புறம் கிரஹாம் இறந்துபோகிறார், உதய்பூரில் அவரைச் சிதையில் வைக்கிறார்கள்.

இந்த இழைக்குச் சட்டப் பின்னணி ஒன்று உண்டு. முதல் படம் ராஜஸ்தானில் எடுக்கப்பட்டது 2010இன் கடைசியில். அதற்கு முந்தைய வருடம், 2009 ஜூலையில்தான், வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்வது குற்றமாகாது என்று, ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைப் பற்றி டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சில வாரங்கள் கழித்து, 2014 தொடக்கத்தில், இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு ஜெய்ப்பூரில் ஆரம்பமானது. மறுபடி சரியாக 2018 செப்டம்பர் வரை ஆனது. அதாவது முதல் படம் எந்தக் காயத்தைத் தொட்டதோ அது நாட்டில் மறுபடி திறந்துகொண்ட அதே நேரத்தில்தான் இரண்டாவது படத்தை எடுத்தார்கள், ஆனால் அதில் அந்த வகைக் கனமுள்ள ஒரு இழையும் இல்லை. கிரஹாம் போன பிறகு அந்த இடத்தை நிரப்ப எந்தப் பாத்திரமும் வரவில்லை என்பதுதான் இரண்டாம் பாகத்தின் முதல் ஓட்டை என்று நான் நினைக்கிறேன்.

'தி செகண்ட் பெஸ்ட் எக்ஸாடிக் மேரிகோல்ட் ஹோட்டல்' 2015 பிப்ரவரியில் வந்தது. இதற்கு நாவல் கிடையாது, முதல் படத்தின் பாத்திரங்களை வைத்துப் புதிதாக எழுதிய கதை. சன்னி இரண்டாவது ஹோட்டல் வாங்க ஆசைப்பட்டு, மியூரியலை அழைத்துக்கொண்டு அமெரிக்கா போய் ஒரு பெரிய நிறுவனத்திடம் முதலீடு கேட்கிறான். யார் என்று சொல்லாமல் ஒரு ஆய்வாளரை அனுப்புவோம், அவர் பார்த்துச் சொன்னால் தருகிறோம் என்கிறார்கள். உடனே ஹோட்டலுக்குப் புதிதாக வரும் ரிச்சர்ட் கியர்தான் அந்த ஆய்வாளர் என்று சன்னி முடிவு கட்டி அவரைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறான். அவரோ சன்னியின் அம்மாவைச் சுற்றிச் சுற்றி வருகிறார். இன்னொரு பக்கம் சன்னிக்கும் சுனைனாவுக்கும் கல்யாண ஏற்பாடு, நிச்சயதார்த்தத்திலிருந்து கல்யாணம் வரை அந்தக் கொண்டாட்டங்களைச் சுற்றித்தான் படமே பின்னப்பட்டிருக்கிறது. நடுவில் குஷ் என்று ஒரு அழகான பையன் வந்து சன்னியின் வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறான். வசூல் சுமார் 8.6 கோடி டாலர். போட்ட காசோடு பார்த்தால் நல்ல லாபம், முதல் படத்தோடு பார்த்தால் நன்றாகவே இறங்கியிருக்கிறது.

இப்போது இந்தப் பெரியவர்களின் நிலையைப் பாருங்கள். எவ்லின் துணி வாங்கித் தரும் வேலையில் இருக்கிறார், பெரிய பொறுப்பு தேடி வருகிறது. டக்ளஸ் ஜெய்ப்பூரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி, ஒன்றும் ஞாபகம் இருக்காது என்பதால் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பையன் சொல்லச் சொல்ல ஒப்பிக்கிறார். அந்த ஏழு பேரில் மற்ற இருவரான நார்மனும் மேட்ஜும் கிளப்பில் வேலை பார்க்கிறார்கள். மியூரியல் ஹோட்டலையே நடத்துகிறார். எல்லாருக்கும் வேலை இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், ஊர் பழகிவிட்டது. கேட்க சந்தோஷமாக இருக்கிறது, அந்த மனிதர்களுக்கு அது கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் யாருக்கும் எதுவும் அவசியமாகத் தேவைப்படவில்லை. அவசியம் போனதும் கதைக்கு ஓட்டம் போய்விடுகிறது, அதனால் வெளியிலிருந்து புதிரும் பொறாமையும் கல்யாணமும் கொண்டுவந்து ஓட்ட வேண்டியிருக்கிறது. ஆய்வாளர் யார் என்ற புதிர் ஒரு மேடை நாடகத்தில் அரை மணி நேரம் ஓடும், இரண்டு மணி நேரப் படத்தைத் தாங்காது. நார்மன் குடித்துவிட்டு ஆட்டோக்காரரிடம் ஏதோ உளற, தன் துணைவி கரோலைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்துவிட்டோமோ என்று பதறுகிற இழை இருக்கிறதே, அது முதல் படத்தின் உலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. முதல் படத்தில் நார்மன் காமெடிக்காக வந்தாலும் தனிமைக்கு பயந்த மனிதராகத் தெரிந்தார். இங்கே அந்த பயத்தைக் காணோம், ஓட்டமும் பதற்றமும் மட்டும் மிச்சம்.

இன்னொரு சிக்கல் சன்னி. முதல் படத்தில் அவன் ஒரு ஓரத்தில் இருப்பவன், அந்தப் பெரியவர்களின் கதைகளுக்கு நடுவில் வந்து வந்து போவான், அவன் வாய் ஓயாமல் பேசுவது அந்த அளவில் அழகாக இருந்தது. இரண்டாம் பாகத்தில் அவன்தான் நடுநாயகம். அவனுடைய தவிப்பு என்ன, கட்டப்போகிறவள் வேறொருத்தனோடு ஆடிவிட்டாள் என்பதும், குறி வைத்திருந்த கட்டடம் கைநழுவுகிறது என்பதும். இருபதுகளில் இருக்கும் பையனுக்கு இது பெரிய விஷயம்தான், ஆனால் இந்தப் படத்தைப் பார்க்க வந்தவர்கள் எண்பது வயதில் மறுபடி வாழ்க்கையைத் தொடங்க முடியுமா என்று பார்க்க வந்தவர்கள். எவ்லினும் டக்ளஸும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருக்கும் காதல் கையிலேயே இருக்கிறது. இந்த வயதில் தப்பாக முடிவெடுத்தால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது என்ற பயம் அந்த இருவரின் ஒவ்வொரு பார்வையிலும் இருக்கிறது. டெஞ்சும் நையும் சேர்ந்து நிற்கிற காட்சிகள் எல்லாமே அருமை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் வந்துவிட்டு நிச்சயதார்த்த டான்ஸுக்கு வழிவிட்டு ஓடிவிடுகிறது. இருந்த நேரத்தை இந்த இருவருக்கும் மியூரியலுக்கும் மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஜீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் படத்தில் ஊரை வெறுத்து அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த ஜீனை, கெட்டவள் என்று ஒதுக்காமல் எழுதியிருந்தார்கள். பயந்துபோன ஒரு பெண், அந்த பயத்தைக் கோபமாகக் காட்டத்தான் தெரியும். கடைசியில் டக்ளஸை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குக் கிளம்பும்போதுகூட, தன்னால் இங்கே இருக்க முடியாது என்ற உண்மையை இருவரில் முதலில் ஒத்துக்கொண்டவர் அவர்தான். இரண்டாம் பாகத்தில் விவாகரத்து கேட்டுத் திரும்பி வருகிறார். பெனிலோப்பி வில்டன் வழக்கம் போல ஒரு சுளிப்பிலேயே ஆளை வெட்டுகிறார், ஆனால் பாத்திரம் அங்கேயே நின்றுவிட்டது.

மியூரியல் வேறு. இந்த ஒரு பாத்திரத்துக்காகவே இரண்டாம் பாகத்தைப் பார்க்கச் சொல்வேன். முதல் படத்தில் அவர் யார்? ஆயுள் முழுக்க இன்னொருத்தர் வீட்டைப் பார்த்துக்கொண்டவர், தன் இடத்துக்கு வரப்போகிறவளுக்குத் தானே எல்லாம் கற்றுக்கொடுத்து, கற்றுக்கொடுத்து முடிந்ததும் வெளியே அனுப்பப்பட்டவர். நிற வெறுப்பு நிறைந்த வாய். அந்த வெறுப்பு கரைவதை முதல் படம் கொஞ்சம் அவசரமாகத்தான் காட்டியது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஹோட்டல் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு இந்த இடத்தை லாபமாக நடத்தலாம் என்று அவர் கண்டுபிடிப்பது நம்பும்படி இருந்தது. வாழ்நாள் முழுக்கக் காசை எண்ணி எண்ணி வீடு நடத்தியவருக்கு அது தெரியாதா என்ன.

இரண்டாம் பாகத்தில் அமெரிக்க அலுவலகத்தில் அவருக்கு டீ கொடுக்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்ட பை. டீ என்பது காய்ந்த இலை, அதற்கு மறுபடி உயிர் வர வேண்டும் என்றால் தண்ணீர் கொதிக்க வேண்டும் என்று, முதலீடு கேட்க வந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வகுப்பே எடுக்கிறார். சன்னி பேசிய நீளமான பேச்சு செய்யாத வேலையை அந்த டீ வகுப்பு செய்துவிடுகிறது, எதிரில் இருப்பவருக்கு இந்த அம்மாவை நம்பலாம் என்று தோன்றிவிடுகிறது. அவருடைய பாத்திரம் முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது: தான் செய்யும் வேலையில் சமரசம் கிடையாது, எதிரில் யார் இருந்தாலும் கவலை கிடையாது, உள்ளே இருக்கும் அன்பு வெளியே திட்டாகத்தான் வரும்.

அப்புறம் எவ்லினோடு அவர் பேசும் இடங்கள். நீங்கள் என்னைவிட 19 நாள்தானே மூத்தவர் என்கிறார் எவ்லின். 19 நாள் என்பது ஒரு குளவியின் மொத்த ஆயுள் என்கிறார் மியூரியல். நிஜத்தில் டெஞ்ச் பிறந்தது 1934 டிசம்பர் 9, ஸ்மித் பிறந்தது அதே டிசம்பர் 28, சரியாக 19 நாள் இடைவெளி, படத்தில் மட்டும் யார் மூத்தவர் என்பதை மாற்றிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் நண்பர்களாக இருந்த இரண்டு நடிகைகள் தங்கள் சொந்த வயதையே எடுத்து விளையாடும்போது, அதற்கு எந்தத் திரைக்கதையும் ஈடாகாது. நடுவில் மியூரியல் டாக்டரைப் பார்க்கப் போகிறார், நல்ல செய்தி இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. கல்யாண வீடு களைகட்டியிருக்கும்போது ஒரு மனுஷி தன் முடிவைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பிள்ளையாக நினைக்கும் சன்னியை நேராக நிற்க வைக்க வேண்டிய வேலையை மட்டும் முடித்துக்கொடுக்கிறார். முதல் படத்தில் மரணம் கிரஹாமுக்கு வந்தது, ஒரு கடன் தீர்ந்த நிம்மதியோடு வந்தது. இங்கே அது இன்னும் வரவில்லை, வரும் என்று தெரிந்தபடி காலையில் எழுந்து வேலைக்குப் போக வேண்டும். முதுமையில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இந்த இரண்டாவது நிலைதான், அதனால்தான் இந்த ஒரு இடத்தில் இரண்டாம் பாகம் முதல் படத்தைவிட உண்மையாக இருக்கிறது. தினமும் காலையில் சன்னி எல்லார் பெயரையும் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பான், ராத்திரியில் யாராவது போய்விட்டார்களா என்று பார்க்க. அதைச் சிரிப்புக்காக வைத்திருக்கிறார்கள், ஆனால் மியூரியலின் விஷயம் தெரிந்த பிறகு அந்தப் பெயர்களைக் கேட்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இந்தியாவைக் காட்டிய விதம் பற்றி நம் ஆட்களுக்கு இரண்டு படத்தின் மேலும் கோபம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நிறம், கூட்டம், இரைச்சல், பூ, வெள்ளைக்காரர்களின் மனக்காயத்துக்கு மருந்தாக ஒரு நாடு. முதல் படத்தில் மியூரியல், ஹோட்டலில் பெருக்கித் துடைக்கும் அனோகி என்ற தலித் பெண்ணின் வீட்டுக்குப் போகிறார். யாரும் ஏறெடுத்துப் பார்க்காத தன்னை இந்த அம்மா பார்த்தார் என்பதற்காக அந்தப் பெண் விருந்து வைக்கிறாள். சாதியைப் பற்றிய ஒரு காட்சி வெளிநாட்டுப் பாட்டியின் மனமாற்றத்துக்குப் படியாக மட்டும் நின்றுபோவது எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் அந்தக் காட்சியில் இரண்டு வேலைக்காரப் பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் ஏதோ ஒன்று நிஜமாக நடக்கிறது. இரண்டாம் பாகத்தில் அதற்கு இணையான ஒரு வீடு இல்லை. மேட்ஜ் இரண்டு பணக்காரர்களுக்கு நடுவில் தடுமாறி, கடைசியில் தன் கார் டிரைவர் பாபுலைத்தான் மனசு தேடுகிறது என்று உணரும் இழை அங்கே போக ஆசைப்படுகிறது. பாபுலுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் அது நின்றிருக்கும்.

கடைசியாக, இரண்டாம் பாகம் நிஜமாகவே எடுத்திருக்கக்கூடிய கதை ஒன்று கண் முன்னால் கிடந்தது. இந்தியாவில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வரும் வெளிநாட்டவருக்கு என்று தனி விசா கிடையாது. தாய்லாந்தில் 50 வயது தாண்டியவர்களுக்கு உண்டு, இலங்கையில் 55 தாண்டியவர்களுக்கு உண்டு, மலேசியா இதற்கென்றே ஒரு திட்டம் வைத்திருக்கிறது. இங்கே சுற்றுலா விசாவில் வந்து போகலாம், வேலை பார்ப்பது வேறு கதை, அதற்கு வேறு விசா. அது போக பென்ஷன். பிரிட்டனுக்குள் இருந்தால் அரசு ஓய்வூதியம் வருடா வருடம் ஏறும், ஸ்பெயினுக்கோ அமெரிக்காவுக்கோ போனாலும் ஏறும். இந்தியாவுக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டால், வந்த அன்று என்ன தொகையோ அதோடு நின்றுவிடும். ஆஸ்திரேலியா, கனடா போனவர்களுக்கும் இதே நிலைதான், நான்கு லட்சத்துக்கும் அதிகமான பிரிட்டிஷ் ஓய்வூதியர்கள் இப்படி உறைந்த தொகையில் ஓட்டுகிறார்கள். நிரந்தரமாக வெளியேறியவருக்கு அந்த ஊர் இலவச வைத்தியமும் கைவிட்டுப் போகிறது. முதல் படத்தில் இதைப் பேச நேரமில்லை, அவர்கள் அப்போதுதான் வந்து இறங்குகிறார்கள். வந்து கொஞ்ச காலம் ஆன பிறகு, விலைவாசி ஏற ஏற கையில் வரும் தொகை மட்டும் அப்படியே நிற்கும்போது எவ்லின் என்ன செய்வார், மியூரியலின் வைத்தியச் செலவு யார் தலையில் விழும், இதெல்லாம்தான் ஒரு இரண்டாம் பாகத்துக்கு உரிய கேள்விகள். அவசியத்தை மறுபடி கதைக்குள் கொண்டுவந்திருக்கும், எல்லாரும் ஏன் இந்த வயதில் வேலை பார்க்கிறார்கள் என்பதற்கும் காரணம் கிடைத்திருக்கும். பிபிசி 2016இல் பிரபலமான பெரியவர்கள் சிலரை நிஜமாகவே ஜெய்ப்பூரில் தங்க வைத்து ஒரு தொடர் எடுத்தது, அடுத்த முறை கொச்சியில். இங்கே வந்து வாழ்ந்தால் எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு அவ்வளவு ஆர்வம் இருந்தது.

நம் பக்கத்தில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. இங்கே பெரியவர்கள் வெளிநாடு போவதில்லை, பிள்ளைகள் போகிறார்கள். கோயம்புத்தூரைச் சுற்றி மூத்தவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகளில் இருக்கும் நிறையப் பேரின் பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அந்த அவசர பொத்தான் அங்கேயும் சுவரில் இருக்கிறது. அதனால்தான் முதல் படத்தின் அந்தச் சின்ன வீட்டுக் காட்சி நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் சட்டென்று பிடிபடுகிறது, ஜெய்ப்பூர் கல்யாணம் அந்த அளவுக்குப் பிடிபடுவதில்லை.

வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் முதல் படத்தை முழுசாகப் போடுங்கள், பாதியில் எழுந்து போகாமல். இரண்டாவதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ரிச்சர்ட் கியர் வரும் இடங்களில் காபி போட எழுந்து போனால் ஒன்றும் நஷ்டமில்லை, மியூரியல் திரையில் இருக்கும்போது மட்டும் எழுந்திருக்காதீர்கள்.